ஓமத் தீயும் ஆட்டோ ஐரிஸும்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு முதல் எதிரி நெய்தான். ஐயர் மந்திரத்தின் போக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும்வரை தொல்லையில்லை. திடீரென்று ஒரு கரண்டி நிறைய ஊற்றுவார். ஓமகுண்டத்தில் தீ குப்பென்று மேலே வரும். கேமரா ஆட்டோவில் இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று உடனே ஐரிஸை இறுக்கும். மணவறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் இருட்டுக்குள் போவார்கள். தீ தணியும், ஐரிஸ் திறக்கும், முகங்கள் மெல்லத் திரும்பி வரும். அதற்குள் அடுத்த கரண்டி. இப்படி எடுத்த ஓமத்தை டிவியில் போட்டுப் பார்த்தால் படம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது. "வீடியோ என்னமோ மாதிரி இருக்கே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பணம் வாங்கப் போகிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பாயாகச் சேர்ந்தேன். ஸ்டுடியோ அண்ணன் தோளில் பானாசோனிக் எம் 9000. முழு விஎச்எஸ் கேசட்டையே உள்ளே போட்டு எடுக்கிற கேமரா. என் கையில் ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் லைட், பின்னால் பாம்பாக நீளும் ஒயர். அண்ணனுக்கு இடது பக்கம் அரை அடி பின்னால் நின்று, லைட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பெண்ணுக்கு வேர்த்து பவுடர் கலையும். முன்வரிசைப் பெரியவர்கள், "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புப்பா" என்பார்கள். திருப்பினால் அண்ணன் முழங்கையால் ஒரு இடி கொடுப்பார். அந்த இடிக்கு அர்த்தம், ஐரிஸைப் பூட்டியாகிவிட்டது, இனி லைட் ஆடக் கூடாது என்பது.

மணவறை முன்னால் வந்து நின்றதும் அண்ணன் செய்கிற முதல் வேலை, பெண்ணின் முகத்தை ஃப்ரேம் நிறைய ஜூம் போட்டுப் பார்ப்பது. வெளிச்சம் முகத்துக்குச் சரியாக வந்ததும் ஆட்டோவை அணைத்து ஐரிஸை அங்கேயே நிறுத்திவிடுவார். பிறகு ஜூமைப் பின்னுக்கு இழுத்தால் நெய் கரண்டி கரண்டியாக விழுந்தாலும் படம் அசையாது. தீயின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக எரிந்துபோகும். நான் அதைச் சுட்டிக்காட்டியபோது அண்ணன் சொன்னது: "டேய், தீயைப் பாக்காத, மூஞ்சியப் பாரு. தீ வெள்ளையா எரிஞ்சா எவன்டா வந்து கேக்கப் போறான்?"

ஸ்டில் போட்டோவில் ஆட்டோ தப்பு செய்தால் ஒரு படம் கெடும். ஆல்பம் போடும்போது அதை ஒதுக்கிவிடலாம். வீடியோவில் அந்த வசதி கிடையாது. கொஞ்சம் வெளிச்சம் கம்மியாக, ஆனால் ஒரே சீராக ஓடுகிற படத்துக்குக் கண் சீக்கிரமே பழகிவிடும். ஷாட்டின் நடுவில் கேமரா தன்னைத் தானே சரிசெய்துகொள்வதைத்தான் அது மன்னிக்காது. தப்பைவிட, தப்பைத் திருத்துவதுதான் திரையில் அசிங்கமாகத் தெரியும். ஆட்டோவா மேனுவலா என்று இன்றைக்கும் பையன்கள் கேட்கும்போது நான் இந்த ஒன்றைத்தான் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிற கணக்கு.

ஆட்டோவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஃப்ரேமில் இருக்கிற வெளிச்சம், இருட்டு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். 18 சதவீதச் சாம்பல் என்று போட்டோகிராபியில் சொல்வது அதைத்தான். நம் ஊர்க் கல்யாணத்தில் சாம்பல் எங்கே இருக்கிறது? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு முகம். ஆட்டோ வேட்டியைச் சாம்பலாக்கும், முகத்தைக் காணாமல் ஆக்கும். சர்ச் கல்யாணத்தில் வெள்ளை கவுன் ஃப்ரேமை அடைத்துக்கொள்ளும்போது இதே கதை இன்னும் மோசம். சாயங்கால ரிசப்ஷனில் நேர் எதிர். கறுப்பு கோட்டு, பின்னால் கருநீலத் திரை. எல்லாம் இருட்டென்று நினைத்து கேமரா திறந்துகொள்ளும், மாப்பிள்ளை முகம் சுண்ணாம்படித்துவிடும்.

அப்படி வெளுத்துப்போன முகத்தைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "பொண்ணு நல்லா கலரா தெரியுது" என்று சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம். கொஞ்சம் தூக்கி எடுத்துக் கொடுங்க என்று முன்பே வந்து காதோடு சொல்கிற அம்மாக்கள் உண்டு. ஐரிஸை அரை ஸ்டாப் திறந்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். எனக்கு அது பிடிக்காது. பிற்காலத்துக் கேமராக்களில், வெளிச்சம் குறித்த அளவைத் தொட்ட இடத்தில் திரையில் விழும் ஜீப்ரா கோடுகளை 70 சதவீதத்தில் வைத்து, முகத்தில் கோடு விழும்வரை திற என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது வெள்ளைக்காரத் தோலுக்குப் போட்ட அளவு. நம் முகங்களுக்கு அதற்குக் கீழே நிறுத்தினால்தான் கன்னமும் நெற்றியும் அவரவர் நிறத்தில் இருக்கும். நானே கேமரா பிடிக்கத் தொடங்கியதும் அப்படித்தான் நிறுத்தினேன். சில வீடுகளில் அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

வெளிச்சத்துக்கு அடுத்தது நிறம். ஹாலஜன் 3200 கெல்வின், மண்டபத்து டியூப் லைட் 6500 பக்கத்தில். இரண்டும் ஒரே முகத்தில் விழும்போது கேமராவுக்கு எது வெள்ளை என்று காட்டிக்கொடுக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் அவ்வளவு வேட்டி இருக்கும்போது தனியாக வெள்ளை எதற்கென்று நினைத்தேன். அண்ணன் விடமாட்டார். "வேட்டியைக் காட்டி ஒயிட் எடுக்காத. நீலம் போட்டிருப்பான்." நீலம் போட்டு வெளுத்த வேட்டி நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். கேமராவோ அந்த நீலத்தைக் கழிப்பதாக நினைத்து மண்டபம் முழுவதையும் மஞ்சளில் குளிப்பாட்டிவிடும். பில் புக்கில் எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து, மணவறையில் முகம் இருக்கிற இடத்தில் என்னைப் பிடிக்கச் சொல்லி, அதில்தான் ஒயிட் பேலன்ஸ் எடுப்பார்.

இதையும் ஆட்டோவில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தாலி கட்டுகிற க்ளோசப் ஒன்றே போதும். ஃப்ரேம் முழுக்க அரக்குப் புடவை, நடுவில் மஞ்சள் கயிறு. வெளிச்சமே சிவப்பாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு கேமரா நீலத்தைக் கூட்டும். மஞ்சள் கயிறு வெளிறும், பெண்ணின் கழுத்து சாம்பல் பூசியதுபோல் ஆகும். அரக்கு எந்த நிறமாக மாறும் என்று சொல்லவே முடியாது. விஎச்எஸ்ஸில் சிவப்பு ஏற்கெனவே ஓரம் தாண்டி வழிகிற நிறம், கேட்கவே வேண்டாம். படம் அழுதுவடிந்தாலும் பொறுத்துக்கொள்கிற பெண்கள் புடவை நிறம் மாறினால் ஸ்டுடியோவுக்கே வந்துவிடுவார்கள். கடையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து எடுத்த புடவை!

கெட்டிமேளம் தனி அவஸ்தை. மைக்கிலும் ஆட்டோ உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐயர் தாழ்ந்த குரலில் மந்திரம் சொல்லும்போது ஆட்டோ ஒலியைத் தூக்கித் தூக்கி மின்விசிறிச் சத்தம்வரை கொண்டுவந்து வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" இரண்டு தவிலும் சேர்ந்து விழும். முதல் அடி கிழிந்து பதிவாகும். அடுத்த நொடியே ஆட்டோ எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மேளம் நின்ற பிறகு, பயத்தில் காதைப் பொத்திக்கொண்ட குழந்தை கையை மெல்ல மெல்ல எடுப்பதுபோல் இரைச்சல் ஏறி வரும். சோனி பிடி 170 கேமரா வாங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி படத்தில் இல்லை. ஒலியின் அளவை நானே பிடித்து வைக்கலாம் என்பதில்தான். அளவைத் தவிலுக்கு வைத்துவிட்டால் மந்திரம் சன்னமாகக் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும், மண்டபத்திலும் அது அப்படித்தான் கேட்டது.

தவில்காரரை வெயிலில் எடுத்தால் ஷட்டரும் புரியும். மாப்பிள்ளை அழைப்பு கோயில் வாசலில் தொடங்கும். ஒரு கையில் குச்சி, மறுகை விரல்களில் கூடு. நல்ல வெயிலில் ஆட்டோ ஷட்டர் எகிறிக்கொண்டு போகும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி வெட்டினாற்போல் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் கை வெட்டி வெட்டி ஓடும், குச்சி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும், வாசிப்பில் இருக்கிற இழைவு படத்தில் இருக்காது. 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 50 என்பது சினிமாக்காரர்களின் பழைய வழக்கம். அந்த வேகத்தில் விரல்கள் லேசாக மங்கும், அந்த மங்கல்தான் ஓட்டம். வெயிலுக்கு என்ன செய்வது என்றால், அதற்குத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர். பிடி 170இல் அது ஒரு சுவிட்ச். போட வேண்டிய நேரத்தில் வ்யூஃபைண்டரிலேயே என்டி 1, என்டி 2 என்று கண்சிமிட்டும்.

இவ்வளவும் சொன்னதால் என்னை மேனுவல் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அருந்ததி பார்க்கிற சடங்கு ஒன்று இருக்கிறது. காலை முகூர்த்தம் முடிந்து, அம்மி மிதித்து, மெட்டி போட்ட கையோடு எல்லாரும் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். பட்டப்பகலில் ஐயர் வானத்தைக் காட்டி, "அதோ அருந்ததி, தெரியறதா?" என்பார். பெண் தெரிகிறது என்று தலையாட்டும். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிப்பார். கல்யாணத்திலேயே எனக்குப் பிடித்த நிமிஷம் அது, ஏனென்றால் அப்போதுதான் இருவரும் முதன்முதலாக ஒரு பொய்யைச் சேர்ந்து சொல்கிறார்கள். அதை எடுக்கிறவன் பாடு என்னவென்றால், மண்டபத்துக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ், வாசலுக்கு வெளியே வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கூட்டம் நெட்டித் தள்ள, பின்பக்கமாகவே நடந்துகொண்டு ஐரிஸை எட்டு ஸ்டாப் கையால் திருப்ப எந்த மகராசனாலும் முடியாது.

அங்கே ஆட்டோதான். அண்ணனின் வழி இது: வாசற்படிக்கு முந்தின அடியில் ஆட்டோவுக்குத் தள்ளு, வெளியே போய் நின்று கேமரா நிதானத்துக்கு வந்ததும் திரும்பப் பூட்டு. கேமரா மாறுவது படத்தில் தெரியாதா என்றால் தெரியும். ஆனால் இருட்டிலிருந்து வெயிலுக்கு வருகிறவர்களின் கண்ணும் அப்படித்தான் கூசித் தெளிகிறது. ஆட்கள் இடம் மாறும்போது வெளிச்சமும் மாறுவதைப் பார்க்கிறவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பிடி 170இல் ஐரிஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால், அந்த நொடியில் ஆட்டோ எந்த அளவைப் பிடித்திருந்ததோ அதே அளவில் நின்றுவிடும். அளப்பதற்கு ஆட்டோ, நிறுத்துவதற்கு என் கை. பிறகு வந்த எந்தக் கேமராவையும் நான் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் எடைபோட்டேன்.

பிடி 170 கேமராவோடு ஒருமுறை செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் அழைத்திருந்தார். மூங்கில் கழிகளில் கட்டிய டியூப் லைட்டுகள், அதற்கு அப்பால் கும்மிருட்டு. இருவர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் சலங்கை கேட்டுக்கொண்டே இருந்தது. திரை விலகியபோது தலையில் கிரீடமும் தோளில் புஜக்கீர்த்தியுமாகத் துரியோதனன். அந்த மரக்கட்டை அணிகளில் பதித்த கண்ணாடிச் சில்லுகள், அவன் சுழல்கிற ஒவ்வொரு சுற்றிலும் டியூப் லைட்டை வாங்கி லென்ஸுக்குள் அடித்தன. ஆட்டோவில் விட்டிருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் முகம் அணைந்திருக்கும். கிரீடம் திரும்பிக்கொண்ட மறுநொடி சுற்றியிருக்கிற இருட்டைப் பார்த்து கெயின் ஏறி, கறுப்பில் புள்ளி புள்ளியாகக் கொதித்திருக்கும். அரிதாரம் பூசிய கன்னத்துக்கு ஐரிஸை வைத்தேன். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேசட் மாற்றுவது தவிர நடுராத்திரியைத் தாண்டியும் எனக்கு வேலையில்லை. கட்டியங்காரன் என்னைப் பார்த்து, கேமராக்காரர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று ஒரு கேலிகூடச் செய்தான். ஊரே சிரித்தது.

விடியல்தான் கணக்கைக் கலைத்தது. கூத்து முடியவில்லை, கிழக்கு வெளுக்கிறது. வெளிச்சம் யாருக்கும் தெரியாமல் ஏறுகிறது. டியூப் லைட்டின் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நீல நிறத்தில் முளைக்கிறார்கள். பூட்டியே வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் எரிந்துவிடும். ஆட்டோவுக்கு விட்டால் கிரீடத்துக் கண்ணாடியின் பிடியில் மறுபடி சிக்கும். பாட்டு முடிந்து வசனம் தொடங்குகிற இடம், ஆள் மாறுகிற இடம், இப்படிப் பார்வை வேறெங்கோ போகிற நேரம் பார்த்து ஐரிஸை ஒவ்வொரு கட்டமாக இறக்கிக்கொண்டே வந்தேன். கைவேலை என்றால் அதுதான். காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்து படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனன்மேல் முழு வெயில். அதற்குள் டியூப் லைட்டுக்கு எடுத்த ஒயிட் பேலன்ஸையும் மாற்றியிருந்தேன். அந்தப் பதிவில் எங்கே மாற்றினேன் என்று எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் நான் வாங்கிய பாராட்டுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அது ஒன்றைத்தான்.

2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. ஸ்டில் கேமராவில் முழு எச்டி வீடியோ, பின்னணி சினிமா மாதிரி மங்கும். சென்னை நண்பர் ஒருவர் வாங்கிய கையோடு எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் அள்ளியது. ஆனால் அவ்வளவு பெரிய கேமராவில் வீடியோவுக்கு மட்டும் வெளிச்சம், ஒலி எல்லாம் ஆட்டோ! ஷட்டரை அதுவே வைத்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டர் 50 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழுந்து படம் அமைதியாக இருக்கும். கேமரா தானாக 60, 80 என்று எதையாவது பிடித்தால் மண்டபம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். நண்பர் லென்ஸை முதலில் ஒரு தூணின் நிழலுக்குத் திருப்புவார், பிறகு விளக்குக்குத் திருப்புவார். திரையில் வேண்டிய எண் வந்ததும் நட்சத்திரப் பட்டனை அழுத்திப் பூட்டிக்கொண்டு மணவறைக்கு ஓடிவருவார். கேமராவை ஏமாற்றி வேலை வாங்குவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். 2009 ஜூனில் கேனான் புது ஃபர்ம்வேர் விட்டு மேனுவலைத் திறந்தது. 2010 மார்ச்சில் 25 ஃப்ரேமும் ஒலி அளவும் வந்தன. அதற்குப் பிறகுதான் நான் ஒன்று வாங்கினேன்.

இப்போது என்னோடு இருக்கிற பையன் சோனி மிரர்லெஸ்காரன். எல்லாவற்றையும், எடிட்டிங்கில் நிறம் ஏற்றுவதற்கான வெளிறிய லாக் (Log) முறையில் எடுப்பான். "ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டுக்கலாம்ணே, எடிட்ல இழுத்துக்கலாம்" என்பது அவன் வாதம். ரிசப்ஷன் மேடையில் இப்போதெல்லாம் எல்இடி சுவர் வைக்கிறார்கள். அதில் இதயங்கள் பறந்து திடீரென்று முழு வெள்ளையாகும், அடுத்து கறுப்பாகும். அவன் ஆட்டோவில் எடுத்த ஒரு நீளமான ஷாட்டில் சுவர் மாறும்போதெல்லாம் பெண் மாப்பிள்ளை முகம் ஏறி இறங்கியது. அதை எடிட்டிங்கில் சரிசெய்ய அவனையே உட்கார வைத்தேன். ஒரே சீராக இருட்டாக எடுத்திருந்தால் ஒரு இழுப்பில் மொத்த ஷாட்டும் சரியாகியிருக்கும். இதில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியாகக் கீஃப்ரேம் வைக்க வேண்டும். சாயங்காலம் டீ குடிக்கக்கூட எழுந்து வரவில்லை. அன்றிலிருந்து ஐஎஸ்ஓவை அவனே பூட்டிக்கொள்கிறான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான்தான் அவன் பக்கம் போயிருக்கிறேன். எம் 9000 காலத்தில் கேமராவை எடுத்ததும் முதலில் அணைப்பது ஆட்டோ ஃபோகஸைத்தான். அட்சதை போட்டால் அது அரிசிக்குத் தாவும், ஓமப் புகை வந்தால் புகையில் தேடும். முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் நிற்கும். 2013இல் கேனான் 70டியில் வந்த டூயல் பிக்சல் முறையிலிருந்து சங்கதி மாறிவிட்டது. ஒவ்வொரு பிக்சலும் இரண்டு பாதியாக இருந்து இரண்டு பக்கத்திலிருந்தும் பார்ப்பதால், எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமராவுக்கு முன்கூட்டியே தெரிகிறது. தாண்டிப்போய்த் திரும்பி வருகிற வேலையே இல்லை. தேடுவது தெரியாதபோது எனக்கும் ஆட்சேபம் இல்லை. போதாததற்கு எனக்கு வெள்ளெழுத்து. உள்ளங்கை அகலத் திரையில் பெண்ணின் இமை ஷார்ப்பாக இருக்கிறதா, நெற்றிச்சுட்டி ஷார்ப்பாக இருக்கிறதா என்று இனிமேல் நான் சொல்ல முடியாது. ஷட்டர், ஐரிஸ், ஒயிட் பேலன்ஸ், ஒலி எல்லாம் கையில், ஃபோகஸ் மட்டும் ஆட்டோ. அந்தக் காலத்து அண்ணன் கேட்டால் முழங்கையாலேயே இடிப்பார்.

போன முகூர்த்தத்தில் பையனிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மாலை மாற்றும்போது மாலை முகத்துக்கு முன்னால் வருமே, ஃபோகஸ் கண்ணை விட்டு மாலைக்குத் தாவிவிடாதா? அதற்கும் மெனுவில் ஒரு இடம் இருக்கிறது என்று திறந்து காட்டினான். எவ்வளவு அவசரமாகத் தாவலாம், எவ்வளவு பொறுமையாக நகரலாம் என்று எண் வைக்கலாமாம். அவன் 3 வைத்திருந்தான். "2 வைடா" என்றேன். "3 போதும்ணே" என்று மெனுவை மூடிவிட்டு, மாலை தூக்கி வருகிற அத்தையை எடுக்கப் போய்விட்டான்.